மாங்குளத்தில் போட்ட ஐஸ்

பெட்டியைத் திறந்த கிருஷாந் கையை உள்ளே விடவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு நிமிர்ந்து, "ஆர் ஐஸ் போட்டது?" என்றான். நான்தான் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். கொழும்பு ஆய்வுகூடத்தில் தமிழ் கதைக்கிற பெடியன் ஒருவன் அகப்பட்டதே அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெட்டிக்குள் இருந்தது என் தம்பி எமில்ராஜின் மகனுடைய தொப்புள்கொடி இரத்தம். மகன் அன்று விடியத்தான் யாழ்ப்பாணத்தில் பிறந்திருந்தான். மூத்தவள் ஜெயனிக்கு ஆறு வயது. தலசீமியா என்கிற, நல்ல இரத்தம் ஊறாத வருத்தம் அவளுக்கு. மாதா மாதம் இரத்தம் ஏற்றினால்தான் எழும்பி ஓடித் திரிவாள். வயிற்றில் இருக்கிற பிள்ளையின் இரத்தம் அவளுக்குப் பொருந்துகிறது என்று முன்னமே பார்த்துச் சொல்லிவிட்டார்கள். அதை ஏற்றினால் அவள் உடம்பே இனி நல்ல இரத்தம் ஊறவைக்கக்கூடும். வெட்டி எறிகிற கொடியிலிருந்து எடுப்பதால் ஒருவருக்கும் நோகாது.

கொண்டுபோகும் பொறுப்பை நான்தான் கேட்டு வாங்கினேன். குருநகரிலிருந்து கொழும்புக்கு முப்பது வருடமாக மீன் லொறி ஓடுகிறேன். "சிமியோன்ரை மீனுக்குக் கண் மூடாது" என்று சந்தையில் என்னைப்பற்றிச் சொல்வார்கள், அவ்வளவு பழுதில்லாமல் கொண்டுசேர்ப்பேன். அன்று மீன் ஏற்றவில்லை. பழக்கத்தில் ஐஸ் மட்டும் ஏற்றியிருந்தேன்.

பெட்டியைத் தரும்போது எமில்ராஜ், "ஐஸ் வைக்க வேண்டாமாம் அண்ணை, நேர்ஸ் சொன்னவ. வெயில் படாமல் பாத்தால் காணுமாம்" என்றான். எனக்கு நீ குளிர் படிப்பிக்கிறாயோ என்று சிரித்தேன். அவனும் சிரித்தான். சின்ன வயதிலிருந்தே என்னை மறுத்துக் கதைத்துப் பழகாதவன்.

சித்திரை வெயில். மாங்குளத்தை நெருங்கும்போது நடுப்பகல், லொறிக்குள் இருக்க முடியவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த ரெஜிபோம் பெட்டியை, அந்த வெள்ளை நுரைப் பெட்டியை, தொட்டுப் பார்த்தேன். சுட்டது. உள்ளே ஜெயனியே வாடிக் கிடப்பதுபோல் எனக்குப் பதறியது. ஓரமாக நிறுத்தி, ஐஸை உடைத்து உள்ளே இருந்த இரத்தப் பையைச் சுற்றி இறுக்கி, மேலே இரண்டு பிடி உப்பும் தூவினேன். உப்புப் போட்டால் குளிர் இன்னும் கூடும், மீன்காரர் எல்லோருக்கும் தெரிந்த வேலைதான். வவுனியாவில் மறுபடியும் போட்டேன்.

கிருஷாந் பையைத் தூக்கி மேசையில் வைத்தான். கல் வைத்த சத்தம் கேட்டது. நல்லகாலம், கெட்டுப்போகவில்லை என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

"அளவு திறமாயிருக்கு. நேரத்துக்கும் கொண்டந்திட்டியள்" என்றான். "ஆனா இப்பிடி உறைஞ்சால் உள்ளுக்கை இருக்கிற கலங்கள் உடைஞ்சுபோம், ஐயா. நாங்களும் உறையவைக்கிறனாங்கள்தான். அது மருந்து கலந்து, மெல்ல மெல்ல. இதை இனி ஒண்டும் செய்யேலாது."

திரும்பச் சொல்லச் சொன்னேன். அதையே சொன்னான். உருகவிட்டுப் பார்த்தால் என்ன என்று கேட்டேன். இல்லையென்று தலையாட்டினான். ஆறு வருடம் காத்திருந்ததை ஆறு மணித்தியாலத்தில் கொன்றிருக்கிறேன். அதுவும் கவனமாக, இடையில் இறங்கிப் பார்த்துப் பார்த்து.

எமில்ராஜுக்குப் போன் எடுத்து, ஐஸ் போட்டுவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். பெரியப்பா கொழும்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாரா என்று ஜெயனி அவனுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தது போனில் கேட்டது.

மறுநாள் யாழ்ப்பாணம் வந்து, ஆஸ்பத்திரி வாசலோடு திரும்பிவிடத்தான் நினைத்தேன். தம்பியின் மனைவி அற்புதராணி கண்டு, உள்ளே வரச் சொன்னாள். அவள் கண் வீங்கியிருந்தது. என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

"வேறை வழி இருக்காம் அத்தான்" என்றாள். "இவன் கொஞ்சம் வளரட்டாம். பிறகு இடுப்பெலும்புக்கை ஊசி விட்டு, இரத்தம் ஊறுற மச்சையை எடுக்கலாமாம். மயக்கித்தான் எடுப்பினமாம்."

அதுவரை ஜெயனிக்கு மாதா மாதம் ஏற்றத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டு, முகம் கழுவி வருவதாகப் பிள்ளையை என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

பிள்ளை நித்திரை. நல்ல சூடாக இருந்தான். துணி விலகி, அவன் இடுப்பெலும்பு என் உள்ளங்கையில் தட்டுப்பட்டது. என் பெருவிரல் நீளங்கூட இல்லை. அந்தக் கையை எடுக்கவும் தெரியாமல், அசைக்கவும் தெரியாமல் நின்றேன்.