பால் காய்ச்சிய வீட்டில் ஒரு படிவம்

1

இந்தக் கதை எனக்கு ஜெராக்ஸ் கடையில் கிடைத்தது. விருத்தாசலம் பஸ் நிலையத்துக்கு எதிரே, எனக்கு முன்னால் நின்ற பெண் கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: கடன் கொடுத்த கம்பெனி அனுமதிக் கடிதம் தராமல் சொந்த வீட்டை வாடகைக்கு விடக் கூடாதாமே, நிஜமா? கடைக்காரருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை, என் வீடும் கடனில்தான் இருக்கிறது. அன்றே என் கடன் பத்திரத்தைப் புரட்டினேன். பதினேழாம் பக்கத்தில் அந்த விதி இருந்தது. எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பெண்ணின் பெயர் தெரியாது. அன்புக்கரசி என்று வைத்துக்கொள்கிறேன். அரசு மருத்துவமனையில் நர்ஸ்.

2

"அன்புக்கரசி கதவைத் திறந்தபோது கிழக்கே வானம்..."

(வேண்டாம். வீட்டுக் கடனுக்கும் வானத்துக்கும் என்ன சம்பந்தம்?)

"அன்புக்கரசி ஒரு தவறு செய்தாள், அது..."

(இதுவும் வேண்டாம். தவறா என்பதில் எனக்கே சந்தேகம்.)

நேராகச் சொல்லிவிடுகிறேன். அன்புக்கரசிக்கு ராமநாதபுரத்துக்கு மாற்றல். திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். அங்கே வாடகை, இங்கே தவணை, ஒரு சம்பளத்தில் இரண்டும் நடக்காது. வீட்டை வாடகைக்கு விட்டால்தான் வீடு மிஞ்சும். கம்பெனியில் விண்ணப்பம் கொடுத்தாள். ஆள் வந்து பார்ப்பார், அப்போது வீடு காலியாக இருக்க வேண்டும், முன்னாடியே யாராவது குடியேறியிருந்தால் அனுமதி கிடையாது, முழுக் கடனையும் ஒரேயடியாகக் கேட்போம் என்று மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார்.

3

ஆனால் ஆனி முடிய இரண்டே நாள்தான் இருந்தது. ஆடி பிறந்துவிட்டால் யாரும் வீடு மாற மாட்டார்கள். குடிவர இருந்தவர்கள், பீங்கான் பொம்மைக் கம்பெனியில் சூளை வேலை பார்க்கும் தங்கதுரையும் அவர் மனைவி பாஞ்சாலையும். பழைய வீட்டுக்காரர் அவர்களுக்குக் கெடு வைத்திருந்தார்.

"சாமான் ஒண்ணும் எறக்கல சிஸ்டர்," என்றாள் பாஞ்சாலை. "வெள்ளிக்கெழம பால மட்டும் காச்சிட்டுப் போயிடுறோம். அப்புறம் ஆடியில வந்தாலும் குத்தமில்ல."

இது நம் ஊர்க் கணக்கு. பால் காய்ச்சிவிட்டால் சாமியைப் பொறுத்தவரை குடிவந்தாயிற்று, கம்பெனியைப் பொறுத்தவரை இன்னும் வரவில்லை. அன்புக்கரசி இதை நம்பித் தலையாட்டினாள். (நீங்களும் ஆட்டியிருப்பீர்கள்.)

4

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. அடுப்பில் பால் ஏறிக்கொண்டிருந்தபோது வாசலில் பைக் வந்து நின்றது. கம்பெனி ஆள் மதிவாணன். அடுத்த வாரம்தான் வரவேண்டியவர், நல்லூருக்குப் போகிற வழியில் இதையும் முடித்துவிடலாம் என்று வந்துவிட்டார். அன்புக்கரசி வாசலுக்கு ஓடினாள்.

இந்த இடத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் பாஞ்சாலையைக் கொல்லைப்பக்கமாக அனுப்பினேன், பொங்கப்போகிற பாலை விட்டு அவள் அசையவில்லை. இன்னொன்றில் அன்புக்கரசியை "சொந்தக்காரங்க சார்" என்று சொல்ல வைத்தேன், அவளுக்கு வாய் வரவில்லை. மூன்றாவதில் மதிவாணனைக் கெட்டவராக்கப் பார்த்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

கடைசியில் நடந்தது இது. பாஞ்சாலை முதல் டம்ளரை அவரிடமே நீட்டினாள். வந்தவர் வேண்டாம் என்றுவிட்டால் அந்த வீடு தங்களுக்கு ஆகாது என்று அவளுக்குப் பயம். வாங்கிக்கொண்டார். இன்னொரு கையில் படிவம்.

"யாராச்சும் குடியிருக்காங்களாம்மா?"

"இன்னும் இல்ல சார். பால் காச்சியிருக்காங்க. நான்தான் காச்சச் சொன்னேன். தப்புன்னா எம்மேல எழுதுங்க, அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க."

5

படிவத்தில் இரண்டு கட்டங்கள். காலியாக உள்ளது. குடியிருப்பு உள்ளது. மதிவாணன் அடுப்பைப் பார்த்தார், சாமான் எதுவும் இல்லாத தரையைப் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

இதற்கு மேல் நான் எழுதினால் நியாயமாக இருக்காது. என் கை முதல் கட்டத்துக்கே போகிறது, கடனில் வீடு வைத்திருக்கிறவன் கை வேறெங்கே போகும்? ஆனால் மதிவாணனுக்கும் ஒரு வீட்டுக் கடன் இருக்கலாம் என்று நேற்று தோன்றியது. தவறாக எழுதினார் என்று வேலை போனால் அந்த வீடும் போகும்.

அவர் இன்னும் பேனாவைப் பிடித்தபடிதான் நிற்கிறார். நீங்களே டிக் போடுங்கள். எந்தக் கட்டமானாலும், அன்புக்கரசி, மதிவாணன் இருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டே போடுங்கள்.