தராசக்காவின் கண்

சோப்பு விலை இரண்டு முறை ஏறிய அந்த வருடத்தில், மாடி வீட்டில் வாங்கிய சோப்பு கரையவில்லை. தண்ணீர் பட்டது, நுரை வந்தது, கண்டக்டரின் காக்கிச் சட்டைக் காலரில் இருந்த அழுக்கும் போனது. ஆனால் சோப்பின் மேல் அழுத்தியிருந்த எழுத்துகூட அழியவில்லை. மழைக்காலத்தில் பிரித்த சோப்பு, வெயில் ஏறிய பிறகும் முனை மழுங்காமல் அப்படியே இருந்தது. கீழ் வீட்டுக்காரி இதைத் தினமும் பார்த்தாள். பார்க்காமல் இருக்க வழியில்லை. மாடிக்குத் தண்ணீர் ஏறாததால் குளிக்கவும் துவைக்கவும் மாடிக்காரி கீழ்க்குழாய்க்குத்தான் வர வேண்டும். வரும்போது சோப்பைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு வரலாம். அவள் அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்தாள்.

அது அண்ணனும் தம்பியும் சேர்ந்து கட்டிய வீடு. கீழே அண்ணன், கடைசல் பட்டறையில் வேலை. மேலே தம்பி, பஸ் கண்டக்டர். அண்ணன் மனைவியைக் கடைத்தெருவில் எல்லோரும் தராசக்கா என்பார்கள். எந்தக் கடையானாலும் தராசுத் தட்டுகள் வெறுமையாக நேராக நிற்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் சாமானைப் போடச் சொல்வாள். காய்கறியைக் கடை கட்டும் நேரத்தில் வாங்குவாள். நசுங்கிய டின், கிழிந்த மூட்டை, உடைந்த பிஸ்கட் எல்லாம் எந்தக் கடையில் எந்தக் கிழமை விலை குறைத்துத் தள்ளிவிடுவார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. சோப்பைக் கட்டியாக வாங்கி, நூலால் அறுத்து, ஜன்னல் மேடையில் காயவைத்து, கல்லாக இறுகிய பிறகே எடுப்பாள். காய்ந்த சோப்பு சீக்கிரம் கரையாது. மற்ற யார் வீட்டிலாவது கரையாமல் இருந்திருக்கலாம். அவள் வீட்டில் கரைந்தது. ஒன்பது வருடம் காத்திருந்து, நடுவில் இரண்டு தங்காமல் போய், இப்போதுதான் மறுபடி வயிற்றில் ஒன்று நின்றிருந்தது. பட்டறையிலோ பாதி நாள்தான் வேலை. ஆஸ்பத்திரிச் செலவையும் தொட்டிலையும் அவள் இந்தச் சோப்பிலும் எண்ணெயிலும் இருந்துதான் மிச்சம் பிடித்தாக வேண்டும்.

மாடிக்காரிக்கோ கல்யாணமான முதல் வருடத்திலேயே, பஸ்ஸில் ஜன்னலோரச் சீட்டுக் கிடைத்தது போலக் குழந்தை நின்றுவிட்டது. அதுவும் அதே மாதத்தில். சாமான் வாங்கத் தெரியாதவள் அவள். முதல் கடைக்குள் நுழைவாள், சொன்ன விலையைக் கொடுப்பாள், கொசுறுகூடக் கேட்காமல் வந்துவிடுவாள். ஆனால் அவள் எண்ணெய்ப் பாட்டில் கழுத்துவரை நிறைந்தே இருந்தது. சர்க்கரை டப்பாவில் கரண்டி விட்ட பள்ளம் மறுநாள் தூர்ந்துவிடும். ஒரே தீப்பெட்டி மூன்று மாதம் வந்தது. தராசக்கா ஏதாவது சாக்குச் சொல்லி மேலே போவாள். அலமாரி முன்னால் நிற்பாள். அடிவயிற்றிலிருந்து ஒரு பெருமூச்சு வரும். இறங்கி வந்து தன் டப்பாவைத் திறந்தால் அடித்தகரம் தெரியும். மாடிக்காரியின் வயிறும் அப்படித்தான். இரண்டு பேரும் ஒரே மாதமென்றாலும், அது முன்னால் போகும், அவள் பின்னால் வருவாள். தராசக்காவுக்கு வயிறு இருக்கிறதா என்று தெருவில் சிலர் கேட்டே விட்டார்கள். அவள் அந்த வயிற்றையும் பார்த்தாள்.

தொட்டில் கதையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கடைத்தெரு முனையில் ஒரு மரச்சாமான் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் தேக்குத் தொட்டில் ஒன்று இருந்தது. வாரம் ஒரு முறை, பை கனத்தாலும் கால் வீங்கினாலும், தராசக்கா அதன் முன்னால் நின்றாள். இது எந்த மகராசி வீட்டுக்குப் போகப்போகிறதோ என்று நினைத்தாள். அவள் பார்க்கப் பார்க்கத் தொட்டில் வாரத்துக்கு ஒரு விரற்கடை அகலமானது. மரம் ஈரத்தில் உப்புகிறது என்று கடைக்காரர் முடிவுசெய்து, அதற்கேற்ப விலையையும் ஏற்றிக்கொண்டே போனார்.

உண்மை ஒரு மத்தியானம் கண்டக்டர் வாயிலிருந்து வந்தது. ஓட்டை வாய் அவருக்கு. பஸ்ஸில் கத்திக் கத்தி எதையும் மெதுவாகச் சொல்லும் பழக்கமே போய்விட்டது. படியிறங்கியவர், ஜன்னல் மேடையில் சோப்பைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த தராசக்காவைப் பார்த்து நின்றார்.

"அண்ணி, எண்ணெய் கொஞ்சம் கீழ போயிருச்சு. சாயங்காலம் மேல வந்து ஒரு பார்வை பாத்துட்டுப் போங்களேன்."

"நான் பாத்து என்ன ஆகப்போகுது தம்பி?"

"என்ன இப்படிக் கேக்கறீங்க? நீங்க பாத்தாத்தானே ஏறுது. அவ உங்ககிட்ட சொல்லலையா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். தராசக்கா கையில் இருந்த சோப்போடு மாடி ஏறினாள். மாடிக்காரி மறைக்கவில்லை; அவளுக்கு மறைக்கவும் தெரியாது. வந்த புதிதில், அரிசி மூட்டையைப் பார்த்து அக்கா பெருமூச்சு விட்ட மறுநாள் மூட்டை தானாக விம்மியதை அவள் கவனித்திருக்கிறாள். பிறகு எதை வாங்கினாலும் முதலில் அக்கா கண்ணில் காட்டிவிட்டுத்தான் உள்ளே வைத்திருக்கிறாள். சோப்பை ஏந்திக்கொண்டு வந்ததும் அதற்காகத்தான்.

"கோவிச்சுக்காதக்கா. அடுத்தவங்க கண்ணு பட்டா இருக்கறதும் போகும். உன் கண்ணு பட்டா வளருது. எவ்வளவு நல்ல கண்ணு!"

"என் வயித்தெரிச்சல்ல நீ அடுப்பு எரிச்சிருக்கே. விறகுக்காவது காசு குடுத்தியாடி?"

"குழந்தை பொறந்ததும் மிச்சமானதுல பாதி உனக்குத்தான்னு அவர்கிட்ட சொல்லிட்டேன்க்கா. கேட்டுப் பாரு."

"சொன்னா, சொன்னா," என்றார் கண்டக்டர் படியில் நின்றபடியே.

அந்த வாரம் முழுவதும் தராசக்கா தன் சாமான்களைப் பார்த்துத் தானே பொறாமைப்பட முயன்றாள். அரிசி டின் முன்னால் மணையைப் போட்டு உட்கார்ந்தாள். "அடேயப்பா, யார் வீட்டு அரிசி இது" என்று வாய்விட்டும் சொன்னாள். அரிசி அசையவில்லை. டின்னை மாடியில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தாள். எங்கே இருந்தாலும் அது தன்னுடையது என்பது மனதுக்குத் தெரிந்திருந்தது. "என் பேருக்கு எழுதிக் குடுத்துருங்க அண்ணி, வளந்ததும் திருப்பித் தர்றேன்" என்று கண்டக்டர் சொன்ன யோசனையைக் கணவனே வேண்டாமென்றுவிட்டான். சரி, மாடிக்காரியாவது தன்னைப் பார்த்துப் பொறாமைப்படட்டும் என்று, பேரம் பேசி வாங்கிய பட்டுப் போன்ற பழந்துணிகளை எடுத்துக் காட்டினாள். மாடிக்காரி தடவிப் பார்த்து, "உன் சாமர்த்தியம் யாருக்கு வரும்க்கா" என்று மனதாரச் சந்தோஷப்பட்டாள். துணி இருந்த அளவிலேயே இருந்தது. தன்னிடம் பொறாமைப்பட உலகத்தில் ஒருவர்கூட இல்லை என்பது தராசக்காவை மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக எரித்தது.

அதன் பிறகு அவள் பார்ப்பதை நிறுத்தினாள். சமையலறை ஜன்னலுக்குச் சாக்குத் திரை போட்டாள். மாடிக்காரி குழாயடிக்கு வந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். எதிரில் வந்தால் தரையைப் பார்த்தாள். ஒரே வாரத்தில் மாடிச் சோப்பு கரைந்து பப்பாளி விதையளவாகிவிட்டது. எண்ணெய் தீர்ந்தது. கண்டக்டர் கடனுக்கு அரிசி வாங்கினார். தராசக்காவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. ஒரு முழுத் தூக்கம் தூங்கினாள். அவள் செய்த பிழை ஒன்றுதான். சோப்பைப் பார்க்கக் கூடாது, எண்ணெயைப் பார்க்கக் கூடாது என்று கணக்காக எல்லாவற்றையும் நினைத்தவள், அந்த வயிற்றையும் தான் இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்ததை மறந்துபோனாள்.

மாடிக்காரியின் வயிறு அதற்குமேல் வளரவில்லை. மாதம் நிறைவதற்குள் வலி கண்டு, பெண் குழந்தை பிறந்தது. ஒரு கையில் அடங்கியது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்து, பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். "எடை ஏறினா பயமில்லை. ஏறலைன்னா தூக்கிட்டு வாங்க, பாக்கலாம்" என்றாள் நர்ஸ். அந்தப் 'பாக்கலாம்' எப்படிப்பட்டது என்று எல்லோருக்கும் புரிந்தது. இதற்குள் தராசக்காவுக்கும் ஆண் குழந்தை பிறந்திருந்தது. மாதம் நிறைந்த, உருண்டையான பிள்ளை. பிறந்த நிமிடத்தில் ஆரம்பித்த அழுகையை இன்னும் நிறுத்தவில்லை.

மாடிக்காரி குழந்தையைத் துணியில் சுற்றிக் கீழே கொண்டுவந்தாள். ஜன்னல் திரைக்கு வெளியே நின்றபடி, "அக்கா, இவளை ஒரு தடவ பொறாமையா பாருக்கா" என்றாள்.

தராசக்கா திரையை இழுத்துப் பிடுங்கி எறிந்தாள். பார்த்தாள். மளிகைக் கடையிலிருந்து தராசு வரவழைத்து, வெறும் தட்டை முதலில் சரிபார்த்து, துணி விரித்துக் குழந்தையைப் படுக்கவைத்தாள். எதிர்த்தட்டில் எடைக்கற்களை வைத்து நேராக்கிய பிறகு, எவ்வளவு பார்த்தாலும் முள் அசையவில்லை. நீள விரல்களைப் பார்த்தாள், சுருள் முடியைப் பார்த்தாள். தன் பிள்ளைக்கு இல்லாததெல்லாம் இதற்கு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டாள். பழைய கோபங்களை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தாள். மூடிய இமைகளும் ஏறி இறங்கும் விலா எலும்புகளும் கண்ணில் பட்டதும் எல்லாம் நமுத்துப்போயின. அவளுக்கு அழுகைதான் வந்தது. மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் அதே கற்களுக்குக் குழந்தையின் தட்டு கொஞ்சம் மேலேறி, அது இன்னும் இளைத்திருப்பதைக் காட்டியது. பரிதாபத்துக்கு எடை கிடையாது. மாதக்கணக்கில் கேட்காமலே பொங்கிய வயிற்றெரிச்சல், இப்போது கையேந்தி நின்றாலும் வரவில்லை. "என்னால முடியலையேடி" என்று அவள் மாடிக்காரியின் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் மரச்சாமான் கடைக்காரர் ஆள் அனுப்பினார். தொட்டில் கடை வாசலைவிடப் பெரிதாகிவிட்டது. உள்ளே வைத்திருக்கவும் முடியவில்லை, வெளியே விற்கவும் முடியவில்லை. இதற்குக் காரணம் யாரென்று கண்டக்டர் வாய்வழியாகத் தெருவுக்கே தெரிந்துவிட்டிருந்ததால், மரத்தின் விலையைக் கொடுத்துவிட்டு அந்த அம்மாவே எடுத்துக்கொள்ளட்டும் என்றார். அண்ணனும் தம்பியும் போய்ப் பலகை பலகையாகக் கழற்றிக் கொண்டுவந்து கீழ் வீட்டுக் கூடத்தில் பூட்டினார்கள். இரண்டு குழந்தைகளையும் போட்ட பிறகும் ஒரு ஆள் காலை நீட்ட இடம் இருந்தது.

பையன் தொட்டிலிலும் அழுதான். தூக்கினால் அழுதான், பால் கொடுத்தால் விட்டு விட்டு அழுதான். தராசக்கா கண்ணை மூடி எத்தனையோ நாளாகியிருந்தது. நின்றபடியே உளறினாள், உப்பு டப்பாவில் சர்க்கரையைக் கொட்டினாள். ஒரு மத்தியானம், வீறிட்டுக் கத்துகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்தவள், தொட்டிலைப் பார்த்தாள். அதில் அந்தப் பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சாதாரணத் தூக்கமில்லை. பக்கத்தில் இடி இறங்குவது போன்ற அந்தச் சத்தத்திலும் வாய் லேசாகத் திறந்து, கன்னத்துக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு, ஊரில் இருக்கும் வேலையெல்லாம் முடித்தவர் போலத் தூங்கியது. தொட்டிலில் சாய்ந்தபடி அதன் அம்மாவும் தூங்கினாள்.

"தூங்கறாளுங்க பாரு, அம்மாவும் பொண்ணும்!" என்றாள் தராசக்கா. "எனக்குன்னு வந்து வாய்ச்சது பாரு. பெத்தா இப்படி ஒண்ணைப் பெக்கணும். குடுத்து வெச்சவ!"

சொல்லும்போதே அடிவயிற்றில் அந்தப் பழைய சூடு பற்றிக்கொண்டது. குழந்தையின் சட்டையில் ஒரு பட்டன் தெறித்துச் சுவரில் பட்டு விழுந்தது. அடுத்ததும் தெறித்தது. சத்தத்தில் மாடிக்காரி விழித்துக்கொண்டாள். "நிறுத்தாதக்கா, நிறுத்தாத" என்றாள். தராசக்காவுக்கு அவள் சொன்னது காதில் விழவில்லை. அவள் உண்மையாகவே பொறாமையில் இருந்தாள். சாயங்காலம் தராசில் போட்டபோது தட்டு தரையைத் தொட்டது. மளிகைக் கடைக்காரர் தன் எடைக்கற்களில் ஏதோ கோளாறு என்று அவற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்.

பிறகு வந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரண்டு வீட்டுச் சாமானும் மாடிக்காரி பேரில் வாங்கப்பட்டு, மாடி அலமாரியில் வைக்கப்பட்டன. தராசக்கா பேரம் பேசினாள், மாடிக்காரி சொந்தம் கொண்டாடினாள். வேண்டும்போது சோப்பில் பாதியை நூலால் அறுத்துக் கீழே கொண்டுவந்தார்கள். கீழே வந்ததும் அது எல்லோர் வீட்டுச் சோப்பையும் போலக் கரைந்தது. தெருப் பெண்கள் சிலர் தங்கள் எண்ணெய்ப் பாட்டில்களோடு வந்து ஒரு பார்வை பார்க்கச் சொன்னார்கள். தராசக்கா முயன்று பார்த்துவிட்டு, "உங்க மேல எனக்குப் பொறாமையே வரலையே, நான் என்ன பண்ண?" என்றாள். அதை அவர்கள் பெரிய அவமானமாக எடுத்துக்கொண்டு, வெகுகாலம் அவளோடு பேசவில்லை.

மாடி வீட்டுப் பெண் மீது அவளுக்குப் பொறாமைப்படக் காரணம் குறையவே இல்லை. சொன்னால் கேட்டது, சாப்பாட்டைச் சிந்தவில்லை, கணக்கு நன்றாகப் போட்டது. பையன் நல்லவன்தான், ஆனால் சாப்பாட்டில் வளர்ந்தான், சாப்பாட்டின் அளவுக்கு வளர்ந்தான். தன்னைவிடத் தோளும் தலையும் உயர்ந்து நின்ற பெண்ணிடமே பரணில் இருந்த பந்தை எடுத்துத் தரச் சொல்வான். பள்ளிக்கூடம் முடிக்கும் வருடத்தில் அவள் நிமிர்ந்தால் வாசல்நிலை நெற்றியில் இடித்தது. தச்சர் வந்து நிலையை உயர்த்த அளவெடுத்து, மரத்துக்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு என்றார். தராசக்கா பேரம் பேசி, பழைய நிலையைக் கழித்து, கொசுறாக ஒரு மணையும் செய்து தரச் சொல்லி முடித்தாள். முன்பணத்தை எடுத்து நீட்டும்போது அந்தப் பெண் ஈரத் தலையை உதறியபடி குழாயடியிலிருந்து வந்தாள். முழங்காலைத் தொடும் முடி. தராசக்கா அவளை ஏற இறங்கப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டாள். தச்சர் அளவுகோலை மறுபடியும் விரித்தார்.