பிடிக்க ஆள் வேண்டாத ஏணி

இரும்புக்கடைக்காரர் இரண்டு அலுமினிய ஏணிகளை எடுத்துப் போட்டார். ஒன்று சுவரில் சாத்தி ஏறும் நெட்டை ஏணி. மற்றது விரித்தால் நான்கு காலில் தானாக நிற்கும் மடிப்பு ஏணி.

பெயிண்டர் மடிப்பு ஏணியை விரித்துக் கால் ரப்பரை அமுக்கிப் பார்த்தான். ஒரு படி ஏறி உடம்பை ஆட்டினான். ஏணி அசையவில்லை. மாவுக்கட்டுக் கையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி மனைவி பக்கத்தில் நின்றாள்.

"மாடி மாடியா ஏறுறவரு வீட்ல ஏணி இல்லையா?" என்றார் கடைக்காரர்.

"வாத்தியார் புள்ள மக்குன்னு சும்மாவா சொன்னாங்க," என்றாள் அவள்.

"எப்படிம்மா விழுந்தீங்க?"

"காலு வழுக்கிருச்சு."

ஆஸ்பத்திரியிலும் இதையே சொன்னாள். அவள் அண்ணன் வந்து கேட்டபோதும் இதேதான். பெயிண்டர் கால் ரப்பரை மறுபடியும் அமுக்கிப் பார்த்தான்.

அவள் விழுந்த அன்று சுவர் உச்சியில் பல்பு மாற்ற வேண்டியிருந்தது. "நாளெல்லாம் ஏறிட்டு வர்றேன், வீட்லயுமா?" என்று முனகினான். அவளே காலி பெயிண்ட் டிரம்மைக் கவிழ்த்து ஏறினாள். பிடித்துக்கொள்ளச் சொன்னாள். பிடித்தான். வேலையிடத்தில் அவன் எப்போதும் மேலே இருப்பவன். கீழே நின்று பிடிப்பது வேறு ஆளின் வேலை. சும்மா நிற்க முடியாத கண், சுவரில் பெயிண்ட் கொப்புளித்திருந்ததைப் பார்த்துவிட்டது. அவன் அடித்த பெயிண்ட். நகத்தால் சுரண்டக் கையை எடுத்தான். அவ்வளவுதான்.

"எப்பவாவது ஏறுறதுக்கு நெட்டையே போதும், மொட்டமாடிக்கும் எட்டும்," என்றார் கடைக்காரர். "கீழ ஒருத்தர் பிடிச்சுக்கணும், அவ்வளவுதான்."

"மடிப்பு ஏணியே குடுங்க. அதுக்குப் பிடிக்க ஆள் வேணாம்."

"தண்ணித் தொட்டிக்கு அது எட்டாதே. நெட்டைய வாங்குங்க," என்றாள் மனைவி. "பிடிக்க நீங்க இருக்கீங்கல்ல."

"அன்னைக்கு நான் கைய எடுத்துட்டேன்," என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு.

"தெரியும். டிரம்மு மேல நின்னவ நான்தானே."

"அப்புறம் ஏன் காலு வழுக்குச்சுன்னு சொல்ற?"

"சொவரச் சொரண்டப் போயிட்டாருன்னு எங்கண்ணன்கிட்ட சொல்லவா? சிரிப்பா சிரிச்சிருக்கும் நம்ம பொழப்பு."

கடைக்காரர் ரசீது எழுதக் குனிந்தார். காது மட்டும் இங்கேயே இருந்தது.

அவள் இரண்டு ஏணிகளையும் ஒருமுறை பார்த்தாள்.

"சரி, மடிப்பே இருக்கட்டும். கட்டுப் பிரிக்கிற வரைக்கும் ஏறப்போறது நீங்க. எனக்குப் பிடிக்க ஒத்தக் கைதான் இருக்கு."