குரல்வளை பற்றி நான்கு பத்திகள்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் ஆசிரியை, மாணவி ஒருத்தியின் கட்டுரையைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு இறங்கிப்போனார். மீதி நான் கட்டியது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'அன்று வானம் இருண்டு' (வேண்டாம். அப்பாவுக்கு நோய் என்றதும் வானத்தை இருட்டாக்குவது சோம்பேறித்தனம்.)

2

ஒன்பதாம் வகுப்புப் பெண். அப்பா ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். தொண்டையில் புற்றுநோய், அடுத்த வாரம் குரல்வளையை எடுத்துவிடுவார்கள். பள்ளியில் எழுதச் சொன்ன தகவல் கட்டுரைக்கு அவளாகவே வைத்த தலைப்பு, 'குரல்வளை'.

முன்னுரை, பத்திக்கு ஒரு கருத்து, முடிவுரை என்று டீச்சர் பலகையில் எழுதிப்போட்டார். "'நான்', 'எங்க வீட்ல' எதுவும் வரக்கூடாது. தெரியாதவங்களுக்குப் புரியிற மாதிரி விஷயத்தை மட்டும் சொல்லணும்."

அவளுக்கு அது நிம்மதியாக இருந்தது. ['நான்' இல்லாத இடத்தில் அழவும் வேண்டியதில்லை என்று எழுதி, அடித்துவிட்டேன். அப்படி யோசிப்பது அவளல்ல, நான்.]

3

அப்பா கட்டுரையை வாங்கி உரக்கப் படித்தார். குரல் கரகரத்தது, பிளாட்பாரம் எண்ணைச் சொல்லும் நிதானம் மட்டும் போகவில்லை. குரல்வளை எங்கே இருக்கிறது, ஒலி எப்படிப் பிறக்கிறது, என்னென்ன நோய் வரும். அதோடு நேராக முடிவுரை.

"வைத்தியம் எங்கம்மா?"

"இடம் பத்தலப்பா."

"பின்பக்கம் முழுசா காலியா இருக்கே."

அவர் தாளைத் திருப்பி அவள் முன் வைத்தார்.

"நோயை மட்டும் சொல்லிட்டு விட்டா படிக்கிறவங்க பயந்துடுவாங்கல்ல. நான் சொல்றேன், எழுது."

அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். குரல்வளையை அகற்றுவார்கள். கழுத்தில் துளையிடுவார்கள், மூச்சு இனி அந்த வழியாகத்தான். 'அதன்பின் நோயாளியால்' என்ற இடத்தில் பேனா நின்றது.

"பேச முடியாது. எழுதும்மா, அதுவும் தகவல்தான்."

எழுதினாள்.

"கருவி வெச்சு, பயிற்சி எடுத்து, சில பேர் மறுபடி பேசுவாங்க."

"எல்லாரும்னு போடவாப்பா?"

அவர் அந்த வரியின் மேல் விரலை வைத்தார். "'சிலர்'னே போடு. இல்லாததைச் சொல்லக்கூடாது."

4

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. (அவரைச் சாகடித்தும் ஒருமுறை எழுதிப் பார்த்தேன். கை கூசியது.) வீடு திரும்பிய அப்பா, கழுத்தில் கட்டோடு, திருத்தி வந்த கட்டுரையை வாங்கிப் பார்த்தார். அவளிடமே திருப்பிக் கொடுத்தார். 'நீ படி' என்று கை காட்டினார்.

அவள் படித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. அப்பா சொல்லி எழுதிய நான்காவது பத்திக்கு முன் நிறுத்தினாள். அப்பா கண்களை மூடிக்கொண்டு, மேலே படி என்று தலையசைத்தார்.

இங்கிருந்து என்னிடம் வாக்கியம் இல்லை. எதை எழுதினாலும் அவள் குரலை நான் எடுத்துக்கொண்டதாகிவிடும். தாள் அவள் கையில்தான் இருக்கிறது. நீங்களும் அந்த அறையில் கொஞ்சம் உட்காருங்கள். அவள் படித்தால், கேட்டுவிட்டுப் போங்கள்.