சும்மா உட்கார ஓர் இடம்

பச்சையம்மா இறால் கூடையோடு வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்ட அமுதவல்லிக்கு எரிச்சல் வந்தது. பச்சையம்மா மட்டுமா? பின்னாலேயே கீதா, இடுப்பில் ஒரு அன்னக்கூடையோடு. அவளுக்கும் பின்னால் வந்த கூட்டத்தில் ஒருத்திகூட வெறுங்கையோடு வரவில்லை. புயல் காப்பகத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தத் திடல், இவர்களே வேலிகாத்தான் முள்ளை வெட்டிக் கொளுத்திச் சமன் செய்தது. வந்த வேகத்தில் அங்கே சாக்கை விரித்து, இறாலைக் கொட்டி, தலையைக் கிள்ளி ஓட்டை உரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

“அடிப்பாவிங்களா, இன்னாடி பண்றீங்க?”

“நீதானமே வந்து ஒக்காரச் சொன்ன? ஒக்காந்துட்டோம்” என்றாள் பச்சையம்மா.

“எறாவ எதுக்குக்கா தூக்கினு வந்த? ஆபீசர் வர்ற நேரம்.”

பச்சையம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “பின்ன? பொம்பளைங்க வெறுங்கையோடயா ஒக்காருவாங்க?”

அமுதவல்லிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. ஆனால் அவளைச் சொல்லியும் குற்றமில்லை. அந்தக் குப்பத்தில் ஒரு பெண் நாலு பேர் பார்க்க உட்கார்ந்திருந்தால் மடியில் ஏதாவது வேலை இருக்க வேண்டும். இறால் இல்லாவிட்டால் கருவாடு, கருவாடு இல்லாவிட்டால் முருங்கைக்கீரை, அதுவும் இல்லாத நாளில் பக்கத்து வீட்டுக்காரியின் தலையிலாவது பேன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆண்களுக்கு அந்தக் கவலையே கிடையாது. ஏரியில் வலை போடத் தங்கள் முறை வராத நாளில் வலைக் கொட்டகையில் மல்லாந்து கிடப்பார்கள். கோயில் வாசலில் சீட்டு நடக்கும். டீக்கடை பெஞ்சு அவர்களுடையது, கரையில் இழுத்துப்போட்ட படகின் நிழல்கூட அவர்களுடையதுதான். ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று அவர்களை ஒருவரும் ஒரு நாளும் கேட்டதில்லை.

அமுதவல்லியைக் கேட்டிருக்கிறார்கள். கர்ப்பப்பையை எடுத்த பிறகு, கனமாக எதையும் தூக்காதே, காற்றோட்டமாக உட்கார் என்று பொன்னேரி டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார். ஓட்டு வீட்டுக்குள் ஏது காற்று? ஒரு சாயங்காலம் ஏரிக்கரைக்கு வந்து ஒரு படகு நிழலில் உட்கார்ந்தாள். போகிறவன் வருகிறவன் எல்லாம் அதே கேள்வி. “இன்னாமே, வூட்ல வேலை இல்லியா?” முதலில் சிரித்து மழுப்பினாள். அப்புறம், கிழிந்து கிடந்த யாருடைய வலையையோ இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, சிக்கெடுப்பதுபோல் பாவனை செய்தாள். அதற்கப்புறம் ஒருவனும் கேட்கவில்லை. தையல் போட்ட வயிறு வலிக்க வலிக்க, யார் வீட்டு வலையையோ பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தச் சாயங்காலத்தை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

வார்டு மெம்பர் ஆனதும் அவள் கேட்ட முதல் காரியம் இந்தப் பூங்காதான். ஊர்ப்புறத்தில் பூங்கா அமைக்க அரசாங்கம் பணம் தருகிறது என்று கேள்விப்பட்டு, மீன் விற்கப் போகிற பஸ்ஸிலேயே யூனியன் ஆபீசுக்கும் போய் நின்றாள். நாலு பெஞ்சு, நிழலுக்கு மரம், ஒரு ஊஞ்சல். “பார்க்கா? மெட்ராஸுன்னு நெனப்பா?” என்று ஊரே சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். மக்கள் ஓய்வுக்கு வந்து உட்காருகிற இடம் என்று ஓவர்சியர் நேரில் பார்த்து எழுதினால்தான் பணம் வரும் என்று ஆபீசில் சொன்னதால், இன்றைக்கு எல்லோரையும் வந்து உட்காரச் சொல்லியிருந்தாள். வந்து உட்கார்ந்த லட்சணம் இது.

ஸ்கூட்டி வந்து நின்றது. ஓவர்சியர் சந்தியா ஹெல்மெட்டைக் கழற்றினாள். சின்னப் பெண், நல்ல மாதிரி. ஊர்த் தலைவர் ஆதிநாராயணன் கூடவே வந்து, திடல் ஓரத்து வலைக் கொட்டகையில் நிழல் பார்த்து உட்கார்ந்துகொண்டார். ஏற்கனவே அங்கே கிடந்த நாலைந்து பேர் அவருக்காகக் காலை மடக்கினார்கள்.

சந்தியா வெயிலில் குனிந்திருந்த பெண்களைப் பார்த்தாள். முகம் இளகிவிட்டது.

“ஐயோ, இந்த வெயில்ல தரையில வச்சா உரிக்கிறீங்க? அம்மா, உங்களுக்குத் தேவை பூங்கா இல்ல. சிமெண்ட் தளம் போட்டு, குழாய் வச்சு, ஷீட் போட்ட கொட்டகை. அதுக்கு வேற திட்டம் இருக்கு. நான் எழுதினா உடனே கிடைக்கும். பூங்காவுக்கு எத்தனையோ ஊர் கேக்குது, உறுதி சொல்ல முடியாது.”

“அதத்தான் மேடம் நானும் சொல்றேன்” என்று கொட்டகையிலிருந்து குரல் கொடுத்தார் ஆதிநாராயணன். “எறா கொட்டாய் கட்டிக் குடுங்க. பொம்பளைங்க பாவம், பொயப்பப் பாக்கட்டும்.”

பச்சையம்மா அமுதவல்லியின் புடவையை இழுத்தாள். “ஒத்துக்கமே. குந்த நெழலு கெடைக்குது இல்ல?”

“நெழல்ல குந்தி இன்னாக்கா பண்ணுவ?”

“எறா உரிப்பேன்.”

“இருட்டுனப்புறம்?”

“லைட்டு போட்டா அப்பவும் உரிக்கலாம்.” சொல்லிவிட்டு பச்சையம்மாவே நிறுத்தினாள். என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்திருக்க வேண்டும்.

அமுதவல்லி சந்தியாவிடம் திரும்பினாள். “மேடம், வேலை செய்ய எங்களுக்கு ஊரு முச்சூடும் எடம் கீது. வேலை செய்யாம ஒக்காரத்தான் எங்கியும் எடம் இல்ல. அதத்தான் நான் கேக்குறேன்.”

சந்தியா கையிலிருந்த போனைப் பார்த்தாள். “புரியுதும்மா. ஆனா நான் போட்டோ வைக்கணும். எல்லார் கையிலயும் இறால் இருக்கே. இதைப் பூங்கான்னு எப்படி எழுதுவேன்?”

நியாயமான கேள்விதான். அமுதவல்லி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. பச்சையம்மாவின் முன்னால் கிடந்த இறாலை அள்ளி ஐஸோடு கூடையில் போட்டாள். கனம் தூக்காதே என்று டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்தது. போகட்டும் என்று இடுப்பில் ஏற்றிக்கொண்டு வலைக் கொட்டகைக்கு நடந்து, ஆதிநாராயணன் காலடியில் தொம்மென்று வைத்தாள்.

“இன்னாமே இது?”

“எறா. நீங்கதான் நெழல்ல சும்மா கீறீங்களே தலைவரே. உரிங்க.”

கொட்டகையில் ஒருவன் சிரித்துவிட்டு, தலைவர் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். அமுதவல்லி திரும்பி வந்து திடலின் நடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். மற்றவர்கள் அவளையே பார்த்தார்கள். உரித்த இறாலை எடுத்துப்போக மத்தியானம் ஏஜெண்டு வண்டி வந்துவிடும். அதற்குள் உரிக்காவிட்டால் இந்த வாரக் கூலி போச்சு. நாளைக்கு இறாலே தரமாட்டேன் என்பான். அது எல்லோருக்கும் தெரியும். அமுதவல்லிக்கும் தெரியும்.

முதலில் எழுந்தவள் கீதா. அன்னக்கூடையை நிரப்பித் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டகையில் வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து அமுதவல்லி பக்கத்தில் உட்கார்ந்தாள். “எனக்கும் இடுப்பு வலிதான்க்கா” என்றாள். அப்புறம் இன்னொருத்தி எழுந்தாள். அப்புறம் யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. கொட்டகையில் கால் வைக்க இடமில்லாமல் கூடைகள் நிறைந்தன. உருகின ஐஸ் தண்ணீர் ஆண்களின் காலடிக்கு ஓடியது. வேட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள்.

ஆதிநாராயணன் வெயிலுக்கு வந்து நின்று கத்தினார். “இன்னாங்கடி இது கூத்து? வூட்ல வேலை இல்லியா ஒங்களுக்கு?”

அதே கேள்வி. அமுதவல்லி அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

“இருக்குது. செய்யல.”

ஊர்க் கூட்டத்தில் வைத்துப் பேசிக்கொள்கிறேன் என்று முனகிக்கொண்டு ஆதிநாராயணன் கொட்டகைக்குத் திரும்பிப் போனார். அங்கே உட்கார இடமில்லை.

சந்தியா போனை உயர்த்தினாள். அப்போதுதான் பெண்களுக்குக் கையின் தொல்லை தெரிந்தது. எங்கே வைப்பது? ஒருத்தி மடியில் வைத்தாள், எடுத்துக் கன்னத்தில் வைத்தாள், துக்க வீடுபோல் இருக்கிறதென்று அதையும் எடுத்தாள். ஐஸில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்த விரல்களை எல்லோரும் ஒளிக்கப் பார்த்தார்கள். பச்சையம்மாவின் கட்டைவிரல் மட்டும் ஒன்றுமில்லாததைக் கிள்ளிக் கிள்ளி உரித்துக்கொண்டே இருந்தது.

சந்தியா படங்களைப் பார்த்தாள். “அனுப்பறேன்மா. இறால் கொட்டகையும் வேணாம்னு சொல்லிட்டீங்க. பூங்கா கிடைக்குமான்னு என்னால சொல்ல முடியாது.”

“கெடைக்கலன்னா நாளைக்கும் வந்து ஒக்காருவோம், மேடம். பெஞ்சு இல்லன்னா மண்ணு கீது.”

ஸ்கூட்டி போய்விட்டது. படம் எடுத்தாகிவிட்டது, இனி யாருக்காகவும் உட்கார வேண்டியதில்லை. ஆனாலும் ஒருத்தியும் எழவில்லை. ஏரியிலிருந்து காற்று வந்தது. யாரோ ஒருத்தி, காப்பகத்துச் சுவரில் புது விரிசல் விட்டிருக்கிறது என்றாள். இத்தனை நாளும் அண்ணாந்தே பார்க்கவில்லை என்றாள்.

தார் ரோட்டு முனையில் ஏஜெண்டு வண்டியின் ஹாரன் கேட்டது. நீளமாக, இரண்டு முறை. பச்சையம்மா பழக்கத்தில் பாதி எழுந்துவிட்டாள். அமுதவல்லி அவளைப் பிடித்து இழுக்கவில்லை. ஹாரன் மறுபடியும் அலறியது. பச்சையம்மா கொட்டகைப் பக்கம் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள், தன் கைகளைப் பார்த்தாள். பிறகு திரும்பக் கீழே உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அவற்றின் மேலேயே அழுத்தமாக உட்கார்ந்துகொண்டாள்.