கெதியாய் விட்டுப்போகும் வருத்தம்

கிறிஸ்ரோபருக்கு அந்த வருத்தம் வந்தால் இரண்டு மூன்று நாள்தான் நிற்கும். அதற்குள் அவன் செத்துப் பிழைப்பான்.

விடிய எழும்பும்போதே நெஞ்சில் ஈரச்சாக்கைப் போட்டதுபோல இருக்கும். சோறு இறங்காது. மகள் பக்கத்தில் வந்து இருந்தாலே அழுகை வரும். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவான். குருநகர்க் கரையில் அவனோடு தொழிலுக்குப் போகும் நிருஷன் வேறு ஆளைத் தேடிக்கொண்டு கடலுக்குப் போவான். பிறகு ஒரு விடியலில், வந்த சுவடே தெரியாமல் அது போய்விடும். அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ திரும்ப வரும்.

"உவனுக்குப் பஞ்சி," என்று கரையில் அவனைச் சோம்பேறியாக்கிக் கதைத்தார்கள். குடி என்றும் சொன்னார்கள். அவன் குடிப்பதில்லை.

மனைவி லவீனாவின் ஆக்கினை தாங்காமல் ஒருமுறை டொக்டரிடம் போனான். அன்றைக்கு வருத்தம் விட்டிருந்தது. சிரித்த முகத்தோடு போய் இருந்தவனுக்கு விற்றமின் குளிசை கொடுத்து அனுப்பினார்கள்.

ஆவணியில் அது வந்தபோது லவீனா காத்திருக்கவில்லை. வாசலில் ஓட்டோவை நிற்பாட்டிவிட்டு உள்ளே வந்தாள்.

"எழும்புங்கோ. இண்டைக்குத்தான் காட்ட வேணும்."

"நாளைக்குச் சரியாகிடும். விடு லவீனா."

"அதுக்குத்தான் இண்டைக்குப் போவம் எண்டிறன்."

அவளே சேர்ட்டைப் போட்டுப் பொத்தானும் பூட்டிவிட்டாள். வெட்கப்படக்கூட அவனிடம் பலமிருக்கவில்லை.

மனநலக் கிளினிக்கில் இருந்த டொக்டர் அம்மா அவசரப்படவில்லை. நித்திரை, சாப்பாடு எல்லாம் விசாரித்துவிட்டு, குரலை மாற்றாமலே கேட்டார்: "செத்துப்போனால் நல்லம் எண்டு நினைக்கிறனீங்களோ?"

"சீச்சீ, இவர் அப்பிடி..." என்று லவீனா தொடங்கினாள்.

"ஓம்," என்றான் கிறிஸ்ரோபர். "ஒவ்வொருமுறையும். போனமுறை படுக்காமல் வருத்தத்தோடைதான் கடலுக்குப் போனனான். வள்ளத்தில இருந்து இறங்கிவிடப் பாத்தன். நிருஷன் ஏதோ கேட்டான். அதால நிண்டிட்டன்."

லவீனா அவன் கையைப் பிடித்தாள். நோகுமளவுக்குப் பிடித்தாள்.

"இது பஞ்சியில்லை, வருத்தம்தான், ஒரு நோய்," என்றார் டொக்டர். "திரும்பத் திரும்ப வாற மனச்சோர்வு. கெதியா விட்டுப்போறதால சின்ன வருத்தம் எண்டு நினைக்கக் கூடாது. மருந்து பாப்பம், ஒண்டு ஒத்துவராட்டி மாத்துவம். நல்லா இருக்கிற நாளிலயும் வந்து என்னோடை கதைக்க வேணும். அது வாற நாளில தனிய இருக்க வேண்டாம், கடலுக்கும் போக வேண்டாம். சாகிற நினைவு வந்தால் உடனை ஆரிட்டையாவது சொல்லிப்போட்டு இஞ்சை வாங்கோ."

முதல் குளிசை ஒத்துவரவில்லை, மாற்றினார்கள். இடைவெளி கொஞ்சம் நீண்டது. ஆனால் மாரி தொடங்க அது மறுபடியும் வந்தது.

அவன் நிருஷனுக்குப் போன் எடுத்தான். "எனக்கு அந்த வருத்தம் வந்திட்டுது மச்சான். மனசிலை வாறது. மருந்து எடுக்கிறன்."

"வீட்டிலயே நில்லு. வாறன்," என்றான் நிருஷன்.

வந்தவன் எதுவும் விசாரிக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, பிய்ந்த நண்டுவலையைப் பின்னிப் பொத்திக்கொண்டிருந்தான். கிறிஸ்ரோபர் சுவரைப் பார்த்தபடி கிடந்தான். மத்தியானம் லவீனா சோறு கொண்டுவந்தபோது, எழும்பி இருந்து நாலு வாய் சாப்பிட்டான்.