சிலோன் ஊழியம்

செல்லப்பா வாத்தியார் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற வருடம் 1953. தேயிலைத் தோட்டத்துத் தமிழர்களிடம் ஊழியம் செய்ய ஒரு தம்பதியைச் சிலோனுக்கு அனுப்ப வேண்டும் என்று தென்காசியில் அவருடைய சபையார் வெகுநாளாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். போகத்தான் ஆளில்லை. ஒரு கூட்டத்தில் வாத்தியார் எழுந்து, "நாங்க போறோம்" என்றார். அவர் மனைவி சுகிர்தத்துக்கும் அப்போதுதான் தெரியும்.

"ஒரு வார்த்தை எங்கிட்ட கேக்கணும்னு தோணலையா?" என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"கேட்டா வேண்டாம்னா சொல்லப்போற?"

சொல்லியிருக்க மாட்டாள்தான். ஆனாலும் கேட்டிருக்கலாம். பிள்ளையில்லாத வீடு, பூட்டிவிட்டுக் கிளம்ப அதிக நாள் ஆகவில்லை.

தனுஷ்கோடியில் கப்பலேறியதும் வாந்தி எடுக்கத் தொடங்கிய சுகிர்தம் தலைமன்னாரில்தான் நிமிர்ந்தாள். அங்கிருந்து ரயிலில் மலைக்கு. தோட்டத்துத் துரை அவர்களை பங்களா வராந்தாவில் நிற்கவைத்தே பேசினார். வேலை நேரத்தில் பிரசங்கம் கூடாது, கூட்டம் கூட்டக் கூடாது என்று சொல்லி உள்ளே போய்விட்டார். சாயங்காலங்களில் இருவரும் மழையில் நனைந்து, அட்டைக்கடி வாங்கி, ஒவ்வொரு லயமாக ஏறி இறங்கினார்கள். லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைகள். ஓர் அறையில் ஒரு குடும்பம். ஜனங்கள் மரியாதையாகக் கேட்டார்கள். யாரும் விசுவாசத்துக்கு வரவில்லை.

மூன்றாம் வருடம், மேல் லயத்தில் அய்யாக்குட்டியின் மனைவி பேராச்சிக்குப் பிரசவ வலி கண்டு விடியவிடியப் பிள்ளை இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகப் பாதையெல்லாம் சரிந்து கிடந்தது. சுகிர்தம் அவளைத் தன் மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். மருத்துவச்சி காலைப் பிடித்து இழுத்தெடுத்த பெண்குழந்தை பிழைத்தது. அதற்கப்புறம் ஒருநாள் போனபோது பேராச்சி ஒரு தம்ளரில் தேத்தண்ணி வைத்துக்கொண்டு தயங்கி நின்றாள்.

"எங்க கையால குடிப்பீங்களாம்மா?"

அய்யாக்குட்டியின் தாத்தா அச்சன்புதூர்ப் பக்கத்துச் சேரியிலிருந்து, தோட்டத்துக்கு ஆள் திரட்டிய கங்காணியோடு வந்தவர். சுகிர்தத்தின் அம்மா வீட்டில் அப்படிப்பட்டவர்களுக்குக் கொல்லையில் சிரட்டைதான். சுகிர்தம் தம்ளரை வாங்கிக் குடித்தாள். அன்றைக்குத்தான் பேராச்சி முதன்முதலாக அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அய்யாக்குட்டி ஞானஸ்நானம் எடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"ஐயா, உங்க ஊருச் சபையில எங்களை எங்க உக்கார வைப்பாங்க?"

வாத்தியார் சிரித்தார். "எங்க சபையில மேல கீழன்னு கிடையாதுப்பா. எல்லாரும் ஒண்ணாத்தான் உக்காருவோம். ஒருநாள் நீயே வந்து பாரு."

பேராச்சி சுகிர்தத்தின் முகத்தைப் பார்த்தாள். சுகிர்தம் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

இறக்கத்தில் நடக்கும்போதுதான் கேட்டாள். "ஏன் அப்படிச் சொன்னீய? நம்ம சபையில அவுக ஆளுகள்லாம் வாசப்படி பக்கம்லா உக்காருதாவ?"

"யாரு அங்கன உக்காரச் சொன்னா? அவுகளா உக்காருதாவ."

"முன்னால வந்தா?"

"வரட்டுமே. யாரு தடுக்கப்போறா?"

அவர் நம்பித்தான் சொன்னார். அய்யாக்குட்டிக்குப் பின்னால் அந்த லயத்தில் இன்னும் ஆறேழு குடும்பங்கள் வந்தன.

சுகிர்தத்துக்கு நெஞ்சுச்சளி முற்றியதால் 1962-இல் ஊர் திரும்பினார்கள். தென்காசி ஸ்டேஷனில் மாலை, சபையில் பாராட்டு. செங்கோட்டை, இலஞ்சி என்று எங்கே கூட்டம் நடந்தாலும் வாத்தியாரை மேடையேற்றினார்கள். அய்யாக்குட்டி மனம் திரும்பிய கதையை அவர் சொல்லும்போதெல்லாம் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தேத்தண்ணிக் கதையையும் சொல்வார். அதைச் சொல்ல வேண்டாம் என்று சுகிர்தம் கேட்டுக்கொண்டும் அவர் விடவில்லை.

இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு, தோட்டத்து ஜனங்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்பத் தொடங்கின. 1968-இல் சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை நடந்துகொண்டிருக்கும்போது அய்யாக்குட்டி தென்காசிச் சபைக்குள் வந்தான். பேராச்சியும் பாவாடை தாவணி கட்டிய மகளும் கூட வந்தார்கள். கப்பலிறங்கியவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமிலிருந்து நேரே வந்திருந்தார்கள். தகரப்பெட்டியை வாசலில் வைத்துவிட்டு நேராக முன்னால் நடந்தார்கள். அவன் ஆண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் அமர்ந்தான். மற்ற இருவரும் பெண்கள் பக்கத்தில், சுகிர்தத்துக்கு இரண்டு ஆள் தள்ளி.

வாத்தியார் நின்று வேதபாடம் வாசித்துக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

சபை மூப்பர் ஞானசிகாமணி அய்யாக்குட்டியின் பக்கத்தில் போய்க் குனிந்தார். தென்காசியில் ஜவுளிக்கடையும் குற்றாலத்தில் சீசனுக்கு வாடகைக்கு விடும் வீடும் உள்ளவர். மெதுவாகத்தான் கேட்டார். எந்த ஊர், யார் மக்கள், தாத்தா எந்தத் தெரு. அய்யாக்குட்டி ஒளிக்காமல் சொன்னான்.

"சரி. நீ எழுந்திரிச்சுப் பின்னால போ. உங்க ஆளுக அங்கனதான் இருக்காவ."

அய்யாக்குட்டி வாத்தியாரைப் பார்த்தான். வாத்தியாரின் குரல் ஓரிடத்தில் இடறியது. பிறகு அடுத்த வசனத்துக்குப் போனார். அய்யாக்குட்டி எழுந்தான். பேராச்சியும் மகளும் எழுந்தார்கள். மூன்று பேரும் வாசல் பக்கம் நடக்கும்வரை அவர் வாசித்துக்கொண்டே இருந்தார்.

சுகிர்தம் எழுந்து பின்னால் போய்ப் பேராச்சியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேராச்சி சற்று நகர்ந்துகொண்டாள்.

"நீங்க முன்னாலயே போங்கம்மா. எல்லாரும் பாக்குறாங்க."

ஆராதனை முடிந்ததும் ஞானசிகாமணியே வழி சொன்னார். "அண்ணாச்சி, நீங்க வருத்தப்படாதீய. குத்தாலத்து வீட்டுக்குக் காவலுக்கு ஆள் தேடிக்கிட்டுதான் இருக்கேன். பின்னால கொட்டகை இருக்கு. இவுக அங்கன இருந்துக்கிடட்டும். சபையில குழப்பம் வேண்டாம் பாருங்க."

"பெரிய உபகாரம்" என்றார் வாத்தியார்.

அன்று மத்தியானமே வாத்தியாரும் சுகிர்தமும் அவர்களைப் பஸ்ஸில் அழைத்துக்கொண்டு போனார்கள். குற்றாலத்தில் கூட்டம் நெரிந்தது. எண்ணெய் தேய்த்த உடம்போடு ஆட்கள் அருவிக்குப் போவதும் வருவதுமாக இருந்தார்கள். கொட்டகையில் விறகும் உடைந்த கட்டிலும் கிடந்தன. வாத்தியார் தாமே விறகை ஒதுக்கி இடம் பண்ணினார். வேலை முடிந்து நிமிர்ந்தபோது அய்யாக்குட்டி கேட்டான்.

"ஐயா, நீங்க சொன்ன சபை இது இல்லையா? வேற ஊர்லயா இருக்கு?"

கேலியாகக் கேட்கவில்லை. தான்தான் இடம் தவறி வந்துவிட்டோமோ என்ற சந்தேகத்தோடு கேட்டான். வாத்தியார் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "பொறுத்துக்கோப்பா. மெல்ல எல்லாம் சரியாகும்" என்றார்.

சீசன் முழுவதும் பேராச்சியும் மகளும் வாடகைக்கு வந்தவர்களின் எண்ணெய்த் துணியைத் துவைத்தார்கள், பாத்திரம் தேய்த்தார்கள். அய்யாக்குட்டி தண்ணீர் சுமந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் சபைக்கு வரவில்லை. சுகிர்தம் இரண்டு தடவை அரிசியும் பழைய சேலைகளும் கொண்டுபோய்க் கொடுத்தாள். பேராச்சி வாங்கிக்கொண்டாள், அதிகம் பேசவில்லை. மூன்றாம் தடவை போனபோது கொட்டகை காலியாக இருந்தது. கணவாய்க்கு அந்தப் பக்கம், ஆரியங்காவுக்கு மேலே ஏதோ எஸ்டேட்டுக்குப் போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டுக் காவல்காரர் மாடன் சொன்னார்.

"நம்மகிட்ட சொல்லாமலா போயிட்டாவ?" என்றார் வாத்தியார். அவருக்கு உண்மையிலேயே மனத்தாங்கல்.

சுகிர்தம் தனியாக ரயிலேறிப் போனாள். மலையில் விசாரித்து விசாரித்து ஏறினாள், மூச்சு வாங்கியது. பேராச்சி ஏலக்காய் உலர்த்திக்கொண்டிருந்தாள். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்குள் வாங்க என்று கூப்பிடவில்லை.

"ஐயா மேல கோவமா, பேராச்சி?"

"ஐயா மேல கோவமில்லம்மா. அவங்க ஆசைப்பட்டதைச் சொன்னாங்க. நான் அன்னைக்கு லயத்துல உங்க முகத்தைத்தான் பாத்தேன். உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"பிள்ளையைக் கையில வச்சுக்கிட்டு இருந்தீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க வேற எங்கயாவது போயிருப்போம். இவரு கப்பல்ல வரும்போது எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டே வந்தாரும்மா, எங்களுக்கு ஆளுங்க இருக்காங்கன்னு."

மேஸ்திரி கூப்பிட்டான். பேராச்சி போய்விட்டாள். சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு சுகிர்தம் இறங்கினாள்.

வீட்டுக்கு வந்தபோது வாத்தியார் மறுவாரக் கூட்டத்துக்குப் பிரசங்கம் தயார் செய்துகொண்டிருந்தார்.

"நல்லாயிருக்காவளா?"

"இருக்காவ."

"நம்மள விசாரிச்சாவளா?"

"இல்ல."

அவர் பிரசங்கத் தாளுக்குத் திரும்பினார். கூட்டத்தில் வழக்கம்போலச் சிலோன் கதையைச் சொன்னார். நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னதாக வந்து சொன்னார். சுகிர்தம் போகவில்லை. அதற்கப்புறம் சபைக்கும் போகவில்லை. கேட்டவர்களிடம் நெஞ்சுச்சளி என்று அவரே சொல்லிச் சமாளித்தார்.